ஆஸ்துமாவோடு நடக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இன்ஹேலரை மறந்துவிட்டுப் போகாதீர்கள், புகைமூட்டத்தில் ஓடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். இங்கே சொல்லப்போவது, பல ஆண்டு ஆஸ்துமாவோடு இருப்பவர்கள்கூடச் சறுக்கும் இடங்கள்.

நடை நன்றாகப் போகிறது என்று தடுப்பு மருந்தை நிறுத்துவது

எத்தனை முறை சொன்னாலும் தொடரும் தவறு இது. மூன்று மாதம் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் தினமும் நடந்ததில் மூச்சு இலேசாகிவிட்டது. “இப்பதான் நல்லா இருக்கே, எதுக்கு இது?” என்று காலையும் இரவும் இழுக்கவேண்டிய இன்ஹேலர் அலமாரிக்குள் போய்விடுகிறது. கிளம்பும்போது, உடனடி நிவாரணம் தரும் நீல இன்ஹேலரில் இரண்டு பஃப் (இரண்டு அழுத்து) மட்டும். அன்றும் நடை சுகமாகவே இருக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

நீல இன்ஹேலரின் சால்பியூட்டமால், மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகும் தசையைத் தளர்த்தும். சில நிமிடத்தில் வேலைசெய்து நான்கைந்து மணி நேரம் தாங்கும். குழாயின் உள்சுவர் வீக்கத்தை அது தொடுவதேயில்லை. வீக்கத்தை வடிப்பது தடுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு. அது வாரக்கணக்கில் மெல்லச் சேர்த்துத் தந்த பலன், நிறுத்தினால் மெல்லத்தான் கரையும். அதனால் முதல் சில நாள் எதுவும் தெரியாது. பிறகு ஒரு சளிக்காய்ச்சலோ செப்டம்பர் புகைமூட்டமோ வரும்போது, மேம்பாலப் படி ஏறுவதற்குள் நெஞ்சு இறுகிவிடும்.

ஸ்டீராய்டு என்ற சொல்லே பலரைப் பயமுறுத்துகிறது. இன்ஹேலரில் வருவது மைக்ரோகிராம் கணக்கு. அதற்குப் பயந்து நிறுத்திவிட்டு, மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனால் அங்கே விழுங்கத் தரும் பிரெட்னிசோலோன் மாத்திரை மில்லிகிராம் கணக்கு. எதைத் தவிர்க்க நினைத்தார்களோ, அதையே பல மடங்காக வாங்கிக்கொள்கிறார்கள். தடுப்பு மருந்து இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண், தொண்டைக் கரகரப்புத் தொல்லை பெரும்பாலும் வராது.

நடைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு நீல இன்ஹேலர் எடுக்கச் சொல்லி மருத்துவரே எழுதித் தருவதுண்டு, அதில் தவறில்லை. அது ஒன்றையே மருந்தாக வைத்துக்கொள்வதுதான் தவறு. பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் கொடுக்கும் சிகிச்சையை, உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா 2019இலேயே கைவிட்டுவிட்டது.

நீல இன்ஹேலரின் புதுக் குப்பியைத் திறக்கும் நாளை மார்க்கரால் அதன்மேல் எழுதிவையுங்கள். ஒரு குப்பியில் 200 பஃப். ஆண்டுக்கு மூன்று குப்பி காலியானால், கடும் தாக்குதல் வரும் வாய்ப்பு கூடிவிட்டது என்று பொருள். இழுப்பு வந்து வாரத்தில் இரண்டு நாளுக்குமேல் நீலத்தைத் தேடினாலும் பலதுறை மருந்தகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். எந்த நிலையில் எத்தனை பஃப் என்று எழுதிய செயல்திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள்.

தொண்டைக்கு மருந்தடிப்பது

நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, இன்ஹேலரின் வாய்ப்பகுதியை உதட்டால் இறுக்கி மூடி, உள்ளிழுக்கத் தொடங்கும் அதே நொடியில் அழுத்த வேண்டும். மெதுவாக, ஆழமாக இழுத்துப் பத்து நொடி அடக்குங்கள். அடுத்த பஃப் அரை நிமிடம் கழித்து. முன்கூட்டியே அழுத்தினால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். கை ஒத்துழைக்காதவர்களுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) நல்லது. அதிலும் ஒரு நேரத்தில் ஒரு பஃப்தான். ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசிக் காற்றில் உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

தவறான எண்ணைப் பார்ப்பது

24 மணி நேர பிஎஸ்ஐ (காற்று மாசுக் குறியீடு) என்பது சராசரி. நாளைய திட்டத்துக்கு உதவும். இப்போது கிளம்பலாமா என்பதற்கு தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் ஒரு மணி நேர பிஎம்2.5 (காற்றிலுள்ள நுண்துகள் அளவு) பாருங்கள். அதுவும் நீங்கள் நடக்கப்போகும் வட்டாரத்துக்கு: ஜூரோங்கில் வீடு, பாசிர் ரிஸில் நடை என்றால் கிழக்கு வட்டார எண். 55 வரை வழக்கமான நிலை. அதைத் தாண்டினால் நடையைச் சுருக்குங்கள். 150ஐத் தாண்டினால் வெளியே நடை வேண்டாம்.

எடுத்ததும் ஏறுவது, ஏறியதும் உட்காருவது

புக்கிட் தீமா மலை 163 மீட்டர்தான், ஆனால் நுழைந்ததுமே செங்குத்து. முதல் பத்து நிமிடம் சமதளத்தில் மெல்ல நடந்த பிறகே ஏறுங்கள். புதியவர்களுக்கு ரயில் காரிடார் ஏற்றது. பழைய ரயில் தடம் என்பதால் பெரும்பாலும் மேடு பள்ளமில்லை.

உடற்பயிற்சியால் வரும் இறுக்கம் பலருக்கு நின்ற பிறகே, ஐந்து பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். வியர்வையோடு நேரே கடைத்தொகுதி ஏர்கானுக்குள் நுழைய வேண்டாம். ஈரமான வெளிக்காற்றைவிட அந்த உலர்ந்த குளிர்காற்றுதான் மூச்சுக்குழாயை அதிகம் உறுத்தும்.

காரில் இன்ஹேலர்

30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாத மருந்து அது.

சீனர்களின் ஏழாம் மாத மாலைகள்

மூதாதையர் வழிபாட்டுக்காக அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காகிதம் எரிப்பார்கள். காலையில் நடங்கள்.

“இன்னும் கொஞ்ச தூரம்தானே”

ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசி முடிக்க முடியவில்லையா? நடையை அங்கேயே நிறுத்துங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, செயல்திட்டத்தில் உள்ளபடி நீல இன்ஹேலர் எடுங்கள். படுக்காதீர்கள். அடங்கவில்லை என்றாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். சாலையோரம் என்றால் பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணைச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் நேரே அங்கு வந்துவிடும்.