சப்வூஃபர் பெட்டி: மரத்தை அறுக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

"12 இன்ச் சப்வூஃபருக்கு (பாஸ், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) எவ்வளவு பெரிய பாக்ஸ் வேண்டும்?" எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். தவறும் இங்கேயே தொடங்கிவிடுகிறது. இன்ச் கணக்கு, முன்பலகையில் எவ்வளவு பெரிய துளை போடுவது என்பதற்கு மட்டும்தான் உதவும். ஒரு 12 இன்ச் ஸ்பீக்கருக்கு 20 லிட்டர் போதும், இன்னொன்றுக்கு 50 லிட்டர் தேவைப்படும்.

விடை ஸ்பீக்கரோடு வரும் தாளில் இருக்கிறது. தீல்-ஸ்மால் அளவுகள் என்ற பட்டியலில் வி.ஏ.எஸ், க்யூ.டி.எஸ் இரண்டையும் பாருங்கள். கோனை (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) தாங்கும் பாகத்தின் அளவுக்கே விறைப்பான காற்று எத்தனை லிட்டர் என்பது வி.ஏ.எஸ்; கோனின் அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் எண் க்யூ.டி.எஸ். மூடிய பெட்டிக்குக் கணக்கு எளிது: வி.ஏ.எஸ்ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூ.டி.எஸ்ஸால் பெருக்க வேண்டும். விடை 0.7 பக்கம் வந்தால் பாஸ் சீராக இருக்கும். வி.ஏ.எஸ் 45 லிட்டர், க்யூ.டி.எஸ் 0.5 என்றால் 45 லிட்டர் பெட்டியில் 0.7 கிடைக்கும். கார் டிக்கியில் இடமில்லை என்று அதையே 15 லிட்டரில் அடைத்தால் 1.0 ஆகிவிடும். அப்புறம் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'தும் தும்'தான், ஆழமான பாஸ் காணாமல் போயிருக்கும்.

சரி, பெரிதாகவே செய்துவிடலாமே என்றால் அதுவும் ஆபத்து. உள்ளே இருக்கும் காற்றுதான் கோனுக்கு ஸ்பிரிங். பெட்டி பெரிதானால் ஸ்பிரிங் தளர்ந்து, அதே வாட்ஸுக்குக் கோன் அதிக தூரம் ஓடும். வால்யூமைக் கூட்டினால் எல்லையில் போய் இடிக்கும்.

எனக்குத் தெரிந்து அதிகம் நடக்கும் தவறு வெளி அளவை வைத்துக் கணக்குப் போடுவது. 50 × 36 × 36 செ.மீ. பெட்டி வெளியிலிருந்து பார்த்தால் 64.8 லிட்டர். 18 மி.மீ. எம்டிஎஃப் பலகையின் தடிமனை ஒவ்வொரு பக்கமும் கழித்தால் உள்ளே 48.7 லிட்டர்தான். கால்வாசி மரத்துக்கே போய்விட்டது! அதிலும் ஸ்பீக்கரின் மேக்னட், கூடை (கோனைத் தாங்கும் சட்டம்), உள்ளே வைக்கும் தாங்கு கட்டைகள் பிடிக்கும் இடத்தைக் கழிக்க வேண்டும். பின்பக்கம் சாய்ந்த பெட்டியென்றால் மேல் ஆழம், அடி ஆழம் இரண்டின் சராசரியை எடுங்கள். அடி ஆழத்தை மட்டும் எடுத்தால் இல்லாத லிட்டரெல்லாம் கணக்கில் வந்துவிடும்.

போர்ட் (காற்று உள்ளும் வெளியும் போய்வரும் குழாய்) வைத்த பெட்டி இன்னும் கறார். மூடிய பெட்டிக்குச் சொன்ன லிட்டரை இதற்கு எடுக்கக் கூடாது. போர்ட்டும் அதன் பலகையும் பிடிக்கும் இடத்தையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கொள்ளளவு. இதை மறந்தால் ட்யூனிங்கே, அதாவது போர்ட் எந்த அதிர்வெண்ணில் ஒலிக்கும் என்பதே, மாறிவிடும்: 50 லிட்டரில் 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்த அதே போர்ட், 40 லிட்டர் பெட்டியில் சுமார் 39 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ட்யூனிங்குக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் காற்று உதவாது என்பதால், ஆம்ப்ளிஃபயரில் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சோனிக் ஃபில்டரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். பெட்டியின் ஒரே உள்ளறையில் இரண்டு சப்வூஃபர் என்றால் கொள்ளளவும் இரண்டு மடங்கு.

பெட்டி செய்து முடித்த பிறகு கொஞ்சம் பெரிதாகிவிட்டது தெரிந்தால் உள்ளே மரக்கட்டையைத் திருகிக் குறைத்துவிடலாம். மூடிய பெட்டி சற்றே சிறிதாகிவிட்டால் பாலியெஸ்டர் பஞ்சு ஓரளவு ஈடுகட்டும். ரொம்பச் சிறிதென்றால் வேறு பெட்டிதான்.