விழுந்த பிள்ளை எழுந்து வர வீட்டில் என்ன செய்யலாம்?

காலை 7.45. வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது, பிள்ளைக்கு ஒரு கால் சாக்ஸ் கிடைக்கவில்லை, நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து கத்துகிறீர்கள், அவள் கண் கலங்க அப்படியே வேனில் ஏறிப் போகிறாள். அப்புறம் மதியம் வரைக்கும் எந்த வேலையும் ஓடாது. போன ஜூனில் எங்கள் வீட்டில் இது வாரத்துக்கு இரண்டு தடவையாவது நடந்தது. மூத்தவள் நான்காம் வகுப்பு, சின்னவன் யூகேஜி. அந்த உறுத்தலில்தான் பிள்ளை வளர்ப்பு ஆராய்ச்சிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் வீட்டில் செய்து பார்த்து நின்றதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கத்தலையே எடுத்துக்கொள்வோம். 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் தாய், சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் போடுகிறது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. தாய் பழையபடி சிரித்ததும் கொஞ்ச நேரத்தில் சமாதானம் ஆகிறது. ஆனால் எனக்கு நிம்மதி தந்தது அவருடைய இன்னொரு கணக்கு. நல்லபடியாக வளரும் குழந்தைகளையும் அவர்களுடைய தாய்மார்களையும் நொடி நொடியாகக் கவனித்தபோது, இருவரும் ஒருவரோடு ஒருவர் இசைந்து இருந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மீதி நேரமெல்லாம் பிசகுவதும் சரிசெய்வதும். அந்தச் சரிசெய்தலில்தான் குழந்தை ‘கெட்டுப்போனது மறுபடி சரியாகும்’ என்று கற்றுக்கொள்கிறது.

அதனால் காலையில் கத்திவிட்டீர்கள் என்றால் சாயங்காலம் கட்டாயம் அதைப் பேசுங்கள். பை இறக்கி, முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்ட பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து, சுருக்கமாக. நான் சொல்வது இவ்வளவுதான்: “காலையில அம்மா கத்துனது தப்பு கண்ணு. வேன் போயிரும்னு பயந்துட்டேன். அதுக்காக உன்மேல கத்தியிருக்கக் கூடாது.” இதோடு நிறுத்துவதுதான் கஷ்டம். “ஆனா நீ சாக்ஸை ராத்திரியே எடுத்து வச்சிருந்தா நான் ஏன் கத்தப் போறேன்” என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வால் வந்தால் மன்னிப்பு போய்விட்டது, பிள்ளையின் காதில் விழுவது பழி மட்டும்தான். சாக்ஸ் விஷயத்தைத் தனியாக, மறுநாளோ ராத்திரி பை அடுக்கும்போதோ பேசிக்கொள்ளலாம். முதல் தடவை நான் இப்படிச் சொன்னபோது அவள் பதிலே சொல்லவில்லை, பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு வாரம் கழித்து தம்பியைத் தள்ளிவிட்டு, தானாகவே போய் “நான் கோபத்துல தள்ளிட்டேன்டா” என்றாள். நான் யாரும் பார்க்காமல் சமையலறைக்குள் போய் அழுதேன்.

அடிப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லாரும். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 50 வருட ஆராய்ச்சிகளை, 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். அதுவும் வெறித்தனமான அடி இல்லை, கையால் பின்பக்கத்தில் தட்டுகிற சாதாரண அடி. அப்படி அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனக்கஷ்டமும் அதிகமாகவும், பெற்றோரோடு ஒட்டுதல் குறைவாகவும் இருந்தது. சொல்பேச்சு கேட்பது கூடியதாகத் தெரியவில்லை. நம் நாட்டில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. ஆசிரியருக்கு இல்லாத உரிமை வீட்டில் மட்டும் எப்படி நல்லதாகும்? கை ஓங்குகிற நேரத்தில் நான் செய்வது, வாயை மூடிக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்பது. சின்னவன் தம்ளரை எறிகிறான் என்றால் கையைப் பிடித்து நிறுத்தி, “எறியக் கூடாது” என்று இரண்டே வார்த்தை, அப்புறம் கொட்டினதை அவனே துணி எடுத்துத் துடைக்க வேண்டும். பாதிதான் துடைப்பான், பரவாயில்லை. விளக்கமெல்லாம் அழுகை ஓய்ந்த பிறகுதான், அழும்போது எதுவும் உள்ளே போகாது.

இப்போது மனத்திடம். ‘கஷ்டம் தெரியாம வளர்க்கறீங்க, அதான் சின்ன விஷயத்துக்கே உடைஞ்சு போறாங்க’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்காக வேண்டுமென்றே கஷ்டப்படுத்த வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஹவாய் தீவுக்கூட்டத்தில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்பவரும் அவருடைய குழுவும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடிகாரத் தகப்பன், ஓயாத சண்டை, பிரசவச் சிக்கல் என்று பல கஷ்டங்கள் சேர்ந்து வாய்த்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குப் பேர் நல்ல மனிதர்களாக, வேலையிலும் உறவிலும் நிலைத்தவர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு என்ன வாய்த்திருந்தது என்று பார்த்தால், அவர்களை முழுசாக ஏற்றுக்கொண்ட, நம்பக்கூடிய ஒரு பெரியவராவது இருந்திருக்கிறார். அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு டீச்சர், யாராகவும் இருக்கலாம். பதின்ம வயதில் தடம் மாறிப் போனவர்களிலும் பல பேர் முப்பது வயதுக்கு மேல் திரும்பி வந்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் பிள்ளை நம் பேச்சைக் கேட்கவில்லை என்று இடிந்து போயிருக்கும் பெற்றோர் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

ஆகவே செய்ய வேண்டியது, உங்களைத் தவிர இன்னும் ஒன்றிரண்டு பெரியவர்களைப் பிள்ளைக்கு ஏற்படுத்திக் கொடுப்பது. எங்கள் வீட்டில் அது அம்மாயி, அதாவது என் அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் தானே போன் போட்டு அரை மணி நேரம் பேசுவாள், நான் அந்த அறையில் இருக்க மாட்டேன். என்ன பேசினாய் என்று கேட்கவும் மாட்டேன். என்னிடம் சொல்ல முடியாதது என்றாவது அவளுக்கு வரும், அன்றைக்குப் போக ஒரு வழி திறந்திருக்க வேண்டும். ஆனால் ரகசியமாக வைத்துக்கொள் என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை உடனே அம்மா அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்பதையும், யார் எங்கே தொடக்கூடாது என்பதையும் மூன்று நான்கு வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

கவாய் பிள்ளைகளிடம் கண்ட இன்னொரு விஷயம் வீட்டுப் பொறுப்பு. தேறி வந்தவர்களில் பல பேருக்குச் சின்ன வயதிலேயே வீட்டில் ஒரு வேலை இருந்தது, அவர்கள் செய்யாவிட்டால் நிஜமாகவே அந்த வேலை நிற்கும். இதை நாம் மொத்தமாகப் பிடுங்கிவிட்டோம், ‘நீ படி, அது போதும்’ என்று சொல்லி. மூன்று வயதில் அழுக்குத் துணியைக் கூடையில் போடலாம், பட்டாணி உரிக்கலாம். ஐந்தில் எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் நிரப்பலாம். எட்டு ஒன்பதில் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கலாம், நீங்கள் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கடைக்குப் போய் கறிவேப்பிலை வாங்கி மீதிச் சில்லறையை எண்ணிக் கொண்டுவரலாம். பன்னிரண்டில் அரிசி களைந்து குக்கர் வைக்கலாம். பையன்களும்தான், பெண்பிள்ளைக்கு மட்டும் கொடுக்கும் வேலை பொறுப்பு ஆகாது. கொடுத்துவிட்டால் பின்னாலேயே போய்த் திருத்தாதீர்கள். சின்னவன் பாட்டிலை வழியவிட்டு மேடையெல்லாம் ஈரம் பண்ணினான், ஒரு மாதம் ஆனது, இப்போது கழுத்துவரை நிரப்பி நிறுத்துகிறான். ஒருநாள் அவன் மறந்துவிட, அப்பா காலி பாட்டிலோடு ஆபீஸ் போய்விட்டார். சாயங்காலம் அதைத் திட்டாமல் சொன்னார், “இன்னைக்குத் தண்ணி இல்லாம கேன்டீன்ல வாங்கிக் குடிச்சேன் சாமி.” அதற்கப்புறம் அவன் மறக்கவே இல்லை.

வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுங்கள். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 சின்னக் குழந்தைகளை வைத்து நடந்த ஒரு சோதனை 2013இல் வெளிவந்தது. ‘கொஞ்சம் பொறு, நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர் பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார், பாதிப் பேரிடம் இல்லை என்று கைவிரித்தார். அப்புறம் ஒரு மிட்டாயை வைத்து, ‘சாப்பிடாமல் காத்திருந்தால் இன்னொன்று’ என்றார்கள். ஏமாறாத குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்தவர்கள் 3 நிமிடம். பொறுமை இல்லாத பிள்ளை என்று நாம் திட்டுவதில் எவ்வளவு நம் வேலை என்று யோசித்துப் பாருங்கள். ‘ஞாயிற்றுக்கிழமை பார்க்’ என்று சும்மா சொல்லாதீர்கள். ஊசி போடும்போது வலிக்காது என்று சொல்லாதீர்கள், “எறும்பு கடிச்ச மாதிரி வலிக்கும், நான் கையைப் பிடிச்சுக்கறேன்” என்பது உண்மை, அது போதும். போலீஸ் பிடித்துக்கொள்வார், பூச்சாண்டி வருவான் என்ற மிரட்டல்களையும் விட்டுவிடுங்கள். கூட்டத்தில் தொலைந்து போனால் போலீஸ்காரரிடம்தான் பிள்ளை போக வேண்டும்.

மார்க். இது பெரிய விஷயம் நம் ஊரில். 1998இல் கிளாடியா மியுல்லர், கேரல் டுவெக் இருவரும் செய்த ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்து, சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரை ‘நல்லா முயற்சி பண்ணினாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து கடினமான புதிர், அதில் எல்லாரும் திணறினார்கள். அதன் பிறகு மறுபடி சுலபமானது கொடுத்தால், புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள், அவர்களில் 10க்கு 4 பேர் மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய் சொன்னார்கள். ஒரு பாராட்டை மாற்றினால் பிள்ளையே மாறிவிடும் என்று நான் நம்பவில்லை, ஆனால் அந்தப் பொய்தான் என்னை உலுக்கியது. அந்தப் பெயரைக் காப்பாற்றப் பிள்ளை எவ்வளவு பயந்திருக்கும்! விடைத்தாள் வந்தால் இப்போது நான் முதலில் கேட்பது, “எந்தக் கணக்கு கஷ்டமா இருந்துச்சு?” தப்பான ஒன்றை இருவரும் உட்கார்ந்து மறுபடி போடுவோம். எத்தனை மார்க் என்பது தாளிலேயே இருக்கிறது. பெரியப்பா மகன் எவ்வளவு வாங்கினான் என்ற பேச்சு எங்கள் வீட்டில் கிடையாது.

தூக்கத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். 6 முதல் 12 வயதுக்கு 9–12 மணி நேரம், 13 முதல் 18க்கு 8–10 மணி நேரம் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016இல் சொன்ன அளவு. காலை 6 மணிக்கு எழ வேண்டிய நான்காம் வகுப்புப் பிள்ளை ராத்திரி 9க்குத் தூங்கினால்தான் அடிமட்ட அளவே கிடைக்கும். டியூஷன் முடிய 8.30, சாப்பாடு 9.15, டிவி ஓடுகிற கூடத்திலேயே படுக்கை என்றால் எப்படி? நாங்கள் டியூஷனை நிறுத்தினோம், சாப்பாட்டை 7.30க்குக் கொண்டுவந்தோம், மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் தள்ளித் தள்ளி 9க்கு வந்தோம். காலைக் கத்தலில் பாதி அதிலேயே போய்விட்டது.

வெளியே விளையாட விடுங்கள். சீனாவின் குவாங்சோ நகரத்தில் 12 பள்ளிகளில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், சில பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு வகுப்பு வைத்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம். வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு மேல் தெருவிலோ மொட்டைமாடியிலோ, எங்கேயாவது. போனைப் பொறுத்தவரை, இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாட்டு நேரத்தில் போன் இல்லை என்பதை நாம் முதலில் கடைப்பிடித்தால் அவர்களும் வருவார்கள். எதைச் சமைப்பது, எப்போது வைப்பது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையின் வயிற்றுக்கு விட்டுவிடுங்கள். பாகற்காயை இன்றைக்குத் தொடவில்லை என்றால் அடுத்த வாரம் ஒரே ஒரு துண்டு, அதற்கடுத்த வாரம் இன்னொன்று. பத்து, பதினைந்து தடவை ஆகலாம்.

ராத்திரி விளக்கணைத்த பிறகு குடும்பக் கதை சொல்லுங்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் ‘தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா’ என்பது போல 20 கேள்விகள் கேட்டுப் பார்த்ததில், தங்கள் குடும்பத்தின் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மீதான மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் என்ற எண்ணமும் அதிகமாக இருந்தது. ஜெயித்த கதை மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் அப்புச்சி, அதாவது அம்மா வழித் தாத்தா, கிணறு வற்றி, இருந்த மாட்டை விற்று, நாலு தறி போட்டு, அதிலும் நஷ்டப்பட்டு, அப்புறம் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதப் போனார். சின்னவனுக்கு மாட்டை விற்கிற இடம்தான் ஒவ்வொரு தடவையும் வேண்டும். “அப்புறம் அப்புச்சி என்ன பண்ணாரு?” என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போவான்.

இவ்வளவும் செய்தாலும் சில நேரம் நம் கையில் நிற்காது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ சாப்பாடோ மாறிப்போனால், பிடித்த விளையாட்டை விட்டு ஒதுங்கினால், பள்ளிக்குப் போகும் நாளில் மட்டும் வயிற்றுவலி வந்தால், உடம்பில் காரணம் தெரியாத காயம் இருந்தால், தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். ‘செத்துப் போறேன்’ என்று விளையாட்டுக்குச் சொன்னது போலத் தெரிந்தாலும் அன்றைக்கே நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளையை யாராவது துன்புறுத்துவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டு எண்ணையும் ஃபிரிட்ஜ் கதவில் பிள்ளையின் கண்மட்டத்துக்கு ஒட்டி, எதற்கு என்று அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.