சட்டத்தின் ஆதாரங்கள்: வணிக மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வணிகச் சட்டத் தாள்களைத் திருத்தும்போது ஆண்டுதோறும் அதே பிழைகள் வந்து நிற்கின்றன. அவற்றுள் சில என் மாணவப் பருவத்து விடைத்தாள்களிலும் இருந்தவையே. சட்டத்தின் பெயரையோ ஆண்டையோ மாற்றி எழுதுவது மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் என்பதால் அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. வேலைக்குச் சென்ற பின்னரும் தொடர்ந்து, பணத்தையும் நேரத்தையும் விழுங்கும் தவறுகளே கவனத்துக்குரியவை.

பிரிவைப் படித்துவிட்டு விதியைப் படிக்காமல் விடுவது

நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் பெரும்பாலும் ஒரு கட்டமைப்பை மட்டுமே தருகிறது. நடைமுறையில் நமக்குத் தேவைப்படும் தொகை வரம்புகள், படிவங்கள், காலக்கெடுக்கள் ஆகியவற்றில் பல, அச்சட்டம் வழங்கிய அதிகாரத்தின்கீழ் அரசு வகுக்கும் விதிகளிலும் அறிவிக்கைகளிலும் இருக்கின்றன. பாடப்புத்தகம் இதனை 'ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல்' என்ற தலைப்பில் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவதால், மாணவர்கள் அதைத் தேர்வுக்கான குறிப்பாகவே கருதிக் கடந்துவிடுகிறார்கள்.

கம்பெனிகள் சட்டம், 2013-இன் 2(85)-ஆம் பிரிவு 'சிறு கம்பெனி' எது என்று வரையறுக்கிறது. அதைத் திறந்தவுடன் கண்ணில் படுபவை செலுத்தப்பட்ட மூலதனத்துக்கு 50 லட்சம் ரூபாய், விற்றுமுதலுக்கு 2 கோடி ரூபாய் என்ற வரம்புகள். அதே வாக்கியத்தில், இவற்றைவிட உயர்ந்த தொகையை விதிகளின் வாயிலாக வகுக்கலாம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கேதான் படிப்பவர் கண் நிற்பதில்லை. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி 2021 ஏப்ரல் முதல் வரம்புகள் 2 கோடி, 20 கோடி என்றும், 2022 செப்டம்பரில் 4 கோடி, 40 கோடி என்றும் உயர்த்தப்பட்டன. வரம்பு மீண்டும் மீண்டும் மாறுவது என்பதால், இந்தத் தொகைகளை மனப்பாடம் செய்வதிலும் பயனில்லை. கணக்குப் பார்க்கும் நாளில் நடப்பிலுள்ள விதியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

2021-க்குப் பின் ஒரு தனியார் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்த மாணவர் ஒருவர், அதன் செலுத்தப்பட்ட மூலதனம் 80 லட்சம் என்பதைக் கண்டு, பிரிவிலுள்ள 50 லட்சத்தோடு ஒப்பிட்டு, அது சிறு கம்பெனி அல்ல என்று குறிப்பெழுதிக் கொடுத்தார். விற்றுமுதலோ 9 கோடிதான். அந்தக் குறிப்பை யாரும் சரிபார்க்கவில்லை. சிறு கம்பெனிக்கு ஆண்டுக்கு இரண்டு இயக்குநர் குழுக் கூட்டங்கள் போதும் என்றிருந்த இடத்தில் நான்கு கூட்டப்பட்டன. தேவையற்ற ரொக்க ஓட்ட அறிக்கை தயாரிக்கப்பட்டு, அதற்குரிய கட்டணமும் கொடுக்கப்பட்டது. கோப்பு என்னிடம் வந்தபோது எனக்கு எரிச்சலூட்டியது தவறான விடைகூட அல்ல. அந்தக் குறிப்பின் ஓரத்தில் 'சட்டத்தில் நேரடியாகப் பார்த்தது' என்று பெருமையோடு எழுதப்பட்டிருந்ததுதான்.

எதிர்த்திசையிலும் இதே தவறு நேர்கிறது. விதியிலுள்ள புதிய வரம்பை மட்டும் அறிந்தவர், பிரிவின் இறுதியில் விலக்குகளைச் சொல்லும் வரம்புரையைத் தவறவிடுகிறார். வேறொரு கம்பெனியின் துணைக் கம்பெனியாகவோ, துணைக் கம்பெனியை உடைய தாய்க் கம்பெனியாகவோ இருந்தால், தொகை எவ்வளவு சிறிதாயினும் அது சிறு கம்பெனி ஆகாது. ஆகவே பிரிவு, வரம்புரை, திருத்தச் சட்டம், விதி, அவ்விதி நடைமுறைக்கு வந்த தேதி ஆகிய ஐந்தையும் பார்க்காமல் விடை எழுதத் துணியக் கூடாது.

பழைய பதிப்பை நம்புவது

காசோலை பணமின்றித் திரும்பினால் அறிவிப்பு அனுப்பும் காலத்தை 15 நாள் என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 30 நாள் ஆக்கியது. அறிவிப்பைப் பெற்றவர் பணம் செலுத்துவதற்கான 15 நாள் மட்டும் மாறவில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதற்குப் பழைய நூல் ஒன்றே போதுமானது.

தீர்ப்பிலுள்ள ஒவ்வொரு வரியையும் சட்டமாகக் கொள்வது

அரசமைப்பின் 141-ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்துகிறது. வழக்கின் முடிவுக்கு அடிப்படையான காரணத்துக்குத்தான் முன்தீர்ப்பு என்ற முழு வலு உண்டு; நீதிபதி வழியில் சொல்லிச் செல்லும் கருத்துக்கு அது கிடையாது. 1893-ஆம் ஆண்டின் கார்லில் வழக்கு போன்ற இங்கிலாந்துத் தீர்ப்புகள் நமக்கு வழிகாட்டலாம், ஆனால் கட்டுப்படுத்தா.

இதற்கு நேர்மாறாக, தீர்ப்பே வேண்டாம், பிரிவே போதும் என்பாரும் உண்டு. வயது வராதவர் செய்யும் உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10, 11-ஆம் பிரிவுகள் வெளிப்படையாகக் கூறவில்லை. 1903-இல் மோகரி பீபி வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அவற்றை அவ்வாறு விளக்கிய பின்னரே அது ஐயமின்றி நிலைபெற்றது.

வணிக வழக்காற்றை வரலாறு என்று தள்ளுவது

தள்ள வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் முதற்பிரிவே, தனக்கு முரணாகாத வணிக வழக்காற்றைத் தொடாமல் விட்டுவைக்கிறது. உண்டியல்கள் எனப்படும், இந்திய மொழிகளில் எழுதப்படும் மரபுவழிப் பணப்பத்திரங்களுக்குரிய உள்ளூர் வழக்கத்தை மாற்றுமுறை ஆவணச் சட்டமும் காத்துவைத்திருக்கிறது.

ஒப்பந்தச் சட்டத்தில் 76 முதல் 123 வரையிலான பிரிவுகளைத் தேடுவது

அவை அங்கே இல்லை. 1930-இல் சரக்கு விற்பனைச் சட்டமாகப் பிரிந்துபோயின.