விக்கிப்பீடியாவில் உங்கள் முதல் திருத்தம்: கல்லூரி மாணவர்களுக்கு

அசைன்மென்ட்டுக்காக இரண்டு ராத்திரி கண்விழித்து எழுதுகிறீர்கள், மதிப்பெண் போட்டதும் அந்தத் தாள் துறை அலமாரிக்குள் போய்விடுகிறது. அந்த உழைப்பில் கால்வாசியைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். 2003-ல் தொடங்கிய அந்தத் தளத்தில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. 2010 கோவை செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்கென்றே கட்டுரைப் போட்டியும் நடந்தது. ஆனாலும் பல அறிவியல் கட்டுரைகள் நாலு வரியோடு நிற்கின்றன.

முதலில் கணக்கு. சொந்தப் பெயர் தேவையில்லை, புனைபெயர் போதும். வகுப்பாகச் சேர்ந்து செய்வதென்றால் எல்லோரும் முந்தின நாளே வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் ஒரே இணைய இணைப்பிலிருந்து (ஐ.பி. முகவரி) ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும், ஏழாவது ஆளுக்குக் கல்லூரி ஆய்வகத்தில் பிழைச்செய்திதான் வரும்.

கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லையா? எழுதும் பெட்டிக்குள் சொடுக்கினால் ஓரத்தில் சின்ன விசைப்பலகைப் படம் தெரியும், அதில் தமிழ்99 விசைப்பலகையையோ, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் எழுத்துப்பெயர்ப்பையோ தேர்ந்தெடுக்கலாம். கன்ட்ரோலும் எம்மும் சேர்த்து அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறும்.

அப்புறம் மணல்தொட்டி. அது எழுதிப் பழகுவதற்கான பக்கம், உங்கள் ரஃப் நோட்டு மாதிரி, என்ன எழுதினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அரைமணி நேரம் அங்கே பழகுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். எடுத்த எடுப்பில் உங்கள் கல்லூரியைப் பற்றியோ ஊர்ப் பிரமுகரைப் பற்றியோ புதுக் கட்டுரை தொடங்காதீர்கள், பெரும்பாலும் அது நீக்கப்படும், மனம் உடைந்து அத்தோடு பலர் திரும்பி வருவதே இல்லை. ஏற்கெனவே இருக்கும் கட்டுரை ஒன்றில், உங்கள் பாடத்தில், ஒரே ஒரு வாக்கியம் சேருங்கள். தாவரவியல் மாணவி என்றால் ஆவாரையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகங்களில் அதன் பெயர் காசியா ஆரிக்குலேட்டா, இப்போது வழங்குவது சென்னா ஆரிக்குலேட்டா. இந்த மாற்றம் கட்டுரையில் இருக்கிறதா, அதற்குச் சான்று கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் 'தொகு' என்பதை அழுத்தி, உங்கள் சொந்த நடையில் எழுதி, மேற்கோள் பொத்தான் வழியாகப் புத்தகத்தின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கொடுங்கள். பாடநூலிலிருந்து பத்தியை அப்படியே ஒட்டினால் காப்புரிமைச் சிக்கல். இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் கொட்டினால் அதைச் சுத்தம் செய்யவே இன்னொருவர் ஒரு நாள் உட்கார வேண்டும், தயவுசெய்து வேண்டாம்.

கீழே தொகுப்புச் சுருக்கம் என்றொரு கட்டம் இருக்கும். 'அறிவியல் பெயர் மாற்றம், சான்றுடன்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பதிப்பியுங்கள்.

கலைச்சொல்லில் ஒரு சங்கடம் வரும். நாம் வேதியியல் என்பதை இலங்கையில் இரசாயனவியல் என்பார்கள். நீங்கள் ஹைட்ரஜன் என்று படித்தது விக்கிப்பீடியாவில் ஐதரசன் என்றிருக்கும். இது நம் எல்லோருக்கும் பொதுவான களஞ்சியம், அதனால் பார்த்தவுடன் மாற்றிவிடாமல் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள்.

மறுநாள் நீங்கள் எழுதியதைக் காணோம் என்றால் பதறாதீர்கள். வரலாற்றுப் பக்கத்தில் யார், ஏன் நீக்கினார்கள் என்று இருக்கும், எழுதியதும் அங்கே பத்திரமாகவே இருக்கும். காரணம் புரியாவிட்டால் நீக்கியவரின் பேச்சுப் பக்கத்திலோ ஒத்தாசைப் பக்கத்திலோ கேளுங்கள், முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாகவே விழும். புதியவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் அண்ணன்களும் அக்காக்களும் அங்கே இருக்கிறார்கள்.