எடைக்குறைப்பு அறுவைக்கு முந்தைய படபடப்பு

இராமேசுவரம், மண்டபம், கீழக்கரைப் பக்கத்திலிருந்து எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்காக மதுரைக்குச் செல்வோர், முந்தைய நாளே அங்கு போய்த் தங்கிவிட்டால், விடியற்காலைப் பயணத்தின் அலைச்சலும் அதோடு சேர்ந்து வரும் படபடப்பும் குறையும். மயக்க மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உட்கொள்ளும் மாத்திரைகள், புகைப்பழக்கம், குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றை அவரிடம் மறைக்கக் கூடாது. அறுவைக்கு முன் பெரும்பாலும் திரவ உணவு பரிந்துரைக்கப்படுவது, இரைப்பையை மறைத்தபடி இருக்கும் கல்லீரலைச் சுருக்கி மருத்துவரின் வேலையை எளிதாக்குவதற்காகவே என்பதை அறிந்துகொண்டால், மீன் குழம்பு மணக்கும் வீட்டில் (அது சோதனைதான்) மோரோடு இருப்பதும் பொறுக்கத்தக்கதாகிவிடும். இரவில் உறக்கம் வராவிட்டால், 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரையைத் தொடவே வேண்டாம்.