காது நன்றாகக் கேட்கிறது என்று திருப்பி அனுப்பினால்

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். என் மகனோ பக்கத்து வீட்டில் தறி ஓட ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்வான். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்தால் முதல் நாளே அவனை என் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவேன். அவனுக்குச் சத்தம் என்பது வலி. இதற்கு ஹைப்பராகூசிஸ் என்று பெயர் இருப்பதே அவனுடைய 9 வயதில்தான் தெரிந்தது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, அதாவது யூடிஐடி கார்டுக்கு விண்ணப்பிக்கப் போனபோது, "காதுப் பிரச்சினைதானேக்கா" என்று இ-சேவை மையத்தில் செவித்திறன் குறைபாடு என்று போட்டுவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். ஆடியோகிராமில் கேட்கும் திறன் சரியாக வந்தது. "காது நல்லாத்தானம்மா கேக்குது" என்று சான்று இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். அன்று பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன்.

செவித்திறன் குறைபாடு என்ற பிரிவுக்கு இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு வேண்டும். நம் பிள்ளைகளின் பிரச்சினை அதற்கு நேர் எதிர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஹைப்பராகூசிஸ் என்று தனியாக எதுவும் இல்லை. ஆகவே முதலில், அந்த 21 வகைகளில் கூட வேறு என்ன பிள்ளைக்கு இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். செவித்திறன் இழப்பு இருக்கலாம், நரம்புக் கோளாறு இருக்கலாம். என் மகனுக்கு ஆட்டிசம். இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதிக் கேட்காதீர்கள். எதிலும் சேராவிட்டால் கார்டு கிடைப்பது கடினம். அப்போது டாக்டரின் கடிதத்தை வைத்துப் பள்ளியிலோ வேலையிடத்திலோ சலுகை கேட்கலாம்.

காதுப் பரிசோதனைக்குப் போனால், எந்த அளவுச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை என்பதையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். என் மகன் 65 டெசிபலிலேயே ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். அந்த எண் அறிக்கையில் இருந்தது. நடுக்காதுத் தசையின் அனிச்சைச் செயலைச் சோதிக்கப் பெருஞ்சத்தம் கொடுப்பார்கள். பிள்ளைக்கு வலிக்கும் என்று சோதிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆட்டிசம் எவ்வளவு என்று மதிப்பிட ஐசா (ISAA) என்ற அளவுகோலில் 40 கேள்விகள். புலன் உணர்வுக்குத் தனிப் பகுதியே உண்டு. ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீத நேரம் இப்படி இருக்கிறான் என்றுதான் பார்ப்பார்கள். "எப்பவும் இப்படித்தான் சார்" என்றால் எடுபடாது. நான் இரண்டு மாதம் ஒரு நோட்டில் எழுதினேன்: "காலை 7.10, குக்கர் விசில், கட்டிலுக்கு அடியில் 40 நிமிடம். 11.30, இடைவேளை மணி, கையைக் கடித்துக்கொண்டான், ரத்தம்." டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் மற்ற கேள்விகளைக் கேட்டார். அமைதியான அறையில் பிள்ளை சாதுவாகத்தான் உட்கார்ந்திருக்கும். அதை மட்டும் பார்த்து முடிவு செய்ய விடாதீர்கள்.

சான்று தரும் மருத்துவக் குழு முன் போகும் நாளில் கூட்டம் சேருமுன் முதல் டோக்கன் கேளுங்கள். காது மூடியை மறக்காதீர்கள்.

சான்றில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். ஆட்டிசப் பிள்ளைகளுக்கு நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் வரை உண்டு. சான்று தர மறுத்துவிட்டால் அதே 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி மேல்முறையீடு செய்யலாம். எங்கள் வேலூர் மாவட்டம் என்றால் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுங்கள், ரசீதை வாங்காமல் நகராதீர்கள்.

கார்டு வந்ததும் அதன் நகலோடு பள்ளிக்குக் கடிதம் எழுதுங்கள். மணி அடிக்கும் இடத்திலிருந்து தள்ளி ஒரு வகுப்பறை, தேர்வுக்குத் தனி அறை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.