வயித்தில பிள்ளை எண்டா ரிசைன் பண்ணத் தேவையில்லை: லீவும் சம்பளமும் விடாம எடுக்கிற விதம்

இலங்கையில, கொழும்பு வெள்ளவத்தையில புடவைக் கடையில நிக்கிற பிள்ளையளில இருந்து பம்பலப்பிட்டியில அக்கவுண்ட்ஸ் ஒபிஸில இருக்கிற ஆக்கள் வரைக்கும், வயித்தில பிள்ளை எண்டு சொன்ன உடன முதலாளிமார் ஒரு கதை வச்சிருப்பினம், "நீங்க இப்ப ரிசைன் பண்ணிட்டுப் போங்கோ தங்கச்சி, பிள்ளை கொஞ்சம் வளர்ந்தாப் பிறகு வாங்கோ, உங்கட இடம் அப்பிடியே இருக்கும்". கேக்க நல்லாத்தான் இருக்கும். தயவுசெய்து அந்தப் பேப்பரில கையெழுத்து மட்டும் வச்சிடாதேங்கோ. வச்சா லீவுச் சம்பளம் போச்சு, 5 வருஷம் முடிய முதல் எண்டா கிராஜுவிட்டியும் (வேலையை விடேக்க சேவைக்காலத்துக்குத் தாற காசு) போச்சு, திரும்பி வரேக்க புது ஆள் மாதிரி புரொபேஷனில (தகுதிகாண் காலம்) இருந்து தொடங்கோணும், அதுவும் அந்த இடம் அப்பவும் இருந்தாத்தான்.

முதல்ல நீங்க எந்தச் சட்டத்துக்குக் கீழ வாறீங்க எண்டு பாருங்கோ. கடை, ஒபிஸ் எண்டா 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம். கார்மென்ட்ஸ், பேக்டரி மாதிரி இடம் எண்டா 1939 இல வந்த மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். ரெண்டிலயும் மகப்பேற்று லீவு 84 நாள்தான், ஆனா எண்ணுற விதம் வேற. கடை, ஒபிஸ் ஆக்களுக்கு வார லீவு, போயா (பௌர்ணமி லீவு), சட்டப்படியான விடுமுறை எல்லாம் கழிச்சு 84 எண்ணோணும், அப்ப மூண்டரை மாசத்துக்கு மேல வரும். மற்றதில ஞாயிறு, போயா எல்லாம் சேத்து 12 கிழமை. கன ஒபிஸில எச்ஆர் ஆக்களே இதை மாறி எண்ணி ஆளைக் கெதியா வரச் சொல்லுறது நடக்குது, அதால கலண்டரை எடுத்து நீங்களே எண்ணி திகதியைக் குறிச்சு வையுங்கோ.

முந்தி மூண்டாவது பிள்ளைக்கு 42 நாள்தான் குடுத்தவை. 2018 இல சட்டத்தைத் திருத்தினாப் பிறகு எத்தினையாவது பிள்ளை எண்டாலும் 84. இன்னும் பழைய கணக்கைச் சொல்லுற ஆக்கள் இருக்கினம், விடாதேங்கோ. பிள்ளை உயிரோட பிறக்காட்டி 42 நாள். வேலைக்குத் திரும்பி வந்தாப் பிறகு பிள்ளைக்கு ஒரு வயசு ஆகும் வரைக்கும் பால் குடுக்க நாளுக்கு ரெண்டு இடைவேளை இருக்கு, இதையும் ஒருத்தரும் தாங்களா வந்து சொல்ல மாட்டினம். கர்ப்பம் எண்ட காரணத்துக்காக வேலையால நிப்பாட்டவும் ஏலாது.

இப்ப செய்ய வேண்டியது, வாயால கேக்கிறதை விட்டுட்டு எழுத்தில கேக்கிறது. டொக்டரிட்ட பிரசவத் திகதி போட்ட சேர்ட்டிபிகேட் ஒண்டு எடுத்து, "இந்தத் திகதியில இருந்து மகப்பேற்று விடுமுறையில போறன், சம்பளம் வழமை போல பேங்குக்குப் போடவும்" எண்டு ரெண்டு வரியில லெட்டர் எழுதி ஈமெயிலில அனுப்புங்கோ. ஈமெயில் இல்லாத கடை எண்டா ரெஜிஸ்டர் போஸ்ட்டில போடுங்கோ, போஸ்ட் ஒபிஸில தாற துண்டைக் கவனமா வையுங்கோ. முதலாளி வட்ஸ்அப்பில என்ன பதில் போட்டாலும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வீட்டு ஆளுக்கு அனுப்பி வையுங்கோ, போன் துலைஞ்சாலும் அது இருக்கும்.

சம்பளத்துக்கு வருவம். 2026 ஜனவரியில இருந்து தேசிய குறைந்தபட்ச மாசச் சம்பளம் 30,000 ரூபா. அந்தச் சம்பளத்துக்கு உங்கட பே ஸ்லிப்பில இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம், அதாவது 2,400 வெட்டி இருக்கோணும், முதலாளி தன்ட காசில இருந்து 12 வீதம், 3,600 போடோணும், ஈடிஎஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 900, அதுவும் அவற்ற காசுதான், உங்களிட்ட வெட்டினா பிழை. புரொபேஷனில இருக்கிற ஆளுக்கு இபிஎஃப் இல்லை எண்டு சொல்லுறது சுத்தப் பொய், முதல் நாளில இருந்து கட்டோணும். இன்னொரு விளையாட்டு இருக்கு, உங்களிட்ட 8 வீதத்தை வெட்டுவினம், ஆனா கட்ட மாட்டினம். ஸ்லிப்பை மட்டும் நம்பாம உங்கட கணக்கில காசு விழுந்திருக்கா எண்டு இடைக்கிடை செக் பண்ணுங்கோ. ஸ்லிப்பே தராத இடம் எண்டா பேங்க் ஸ்டேட்மென்டும் வேலைக்குச் சேரேக்க தந்த லெட்டரும்தான் உங்கட சாட்சி.

ஓவர்டைம் எண்டா கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்கு மேல செய்யிறதுக்கு ஒண்டரை மடங்கு. தீபாவளி, பொங்கல் சீசனில புறக்கோட்டைப் பக்கம் இரவு ஒம்பது பத்து மணி வரைக்கும் நிண்டுட்டு ஒரு சாப்பாட்டுப் பார்சலோட வீட்ட வாற பிள்ளையள் எத்தினை பேர், சாப்பாட்டுப் பார்சல் ஓவர்டைம் சம்பளம் இல்லை பாருங்கோ. வந்த நேரம் போன நேரத்தை ஒரு கொப்பியில நாளாந்தம் எழுதுங்கோ, பிறகு விசாரணை எண்டு வந்தா அது உதவும்.

கிராஜுவிட்டி, 15 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற இடத்தில 5 வருஷம் முடிச்சா, வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம். கடைசிச் சம்பளம் 40,000, 6 வருஷம் செய்தீங்க எண்டா 120,000. மகப்பேற்று லீவு இந்தச் சேவைக்காலத்தை வெட்டாது, ரிசைன் லெட்டர்தான் வெட்டும்.

கணவன்மாருக்கு லீவு? அரசாங்க வேலை எண்டா 3 நாள். தனியார் துறையில சட்டத்தில ஒண்டும் இல்லை, கம்பனி தானா குடுத்தா உண்டு, இல்லாட்டி வருஷ லீவு 14, கெசுவல் 7 இல இருந்து எடுக்க வேண்டியதுதான். வெக்கக்கேடான சட்டம், என்ன செய்யிறது.

எழுதியும் சரிவராட்டி பக்கத்தில இருக்கிற லேபர் ஒபிஸுக்கு முறைப்பாடு குடுங்கோ, தலைமையகம் நாரஹேன்பிட்டியில. முறைப்பாட்டைத் தமிழில எழுதலாம், அது உங்கட உரிமை, ஆனா கவுண்டரில சிங்களம் கதைக்கிற ஒராளைக் கூட்டிக்கொண்டு போனா வேலை சுகமா முடியும். லெட்டர் கொப்பி, பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், டொக்டர் சேர்ட்டிபிகேட் எல்லாத்திலயும் ஒவ்வொரு போட்டோ கொப்பி கொண்டு போங்கோ, ஒரிஜினலைக் கையை விட்டு விடாதேங்கோ. வேலையால நிப்பாட்டியே போட்டாங்கள் எண்டா அது தொழில் நியாய சபைக்குப் போற விஷயம், நிப்பாட்டி 6 மாசத்துக்குள்ள வழக்குப் போடோணும், பிள்ளைப் பராமரிப்பில அந்த ஆறு மாசம் எப்பிடிப் போகுது எண்டே தெரியாது, அதால திகதியை ஆராவது ஒராளிட்ட சொல்லி ஞாபகப்படுத்தச் சொல்லுங்கோ.